ஜூரிக் கூடமும் வாசகர் கூடமும்: டேவிட் கட்டர்சனின் ‘ஸ்னோ ஃபாலிங் ஆன் சீடார்ஸ்’ நாவலைக் கூடிப் படித்தல்

ஆய்வுச் சுருக்கம்

சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த கொலையின் மர்மத்தைப் பேசும் நாவலைப் பலர் கூடிப் படிக்கும்போது, அவர்கள் தம்மை அறியாமலே ஜூரியின் இருக்கையில் அமர்கின்றனர். அந்த இருக்கை வாசகருக்கு எத்தகைய ஆறுதலைத் தருகிறது, அந்த ஆறுதலை நூல் உரையாடல் ஏன் ஐயுற வேண்டும் என்பவற்றை, டேவிட் கட்டர்சன் 1994இல் வெளியிட்ட ‘ஸ்னோ ஃபாலிங் ஆன் சீடார்ஸ்’ நாவலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. நாவலின் மர்மம் அவிழும் முறை, தீர்ப்புச் சொல்லும் கடமையிலிருந்து ஊரை விடுவித்துவிடுகிறது என்பதும், கூடிப் பேசவேண்டியது அவ்விடத்தில்தான் தொடங்குகிறது என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: கொலைமர்ம நாவல், கூட்டு வாசிப்பு, ஜூரி, அம்பல், அலர், ஜப்பானிய அமெரிக்கர், பெயின்பிரிட்ஜ் தீவு.

முன்னுரை

ஓர் ஊரார் அனைவரும் ஒரே நூலைப் படித்து, பின்னர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒன்றுகூடிப் பேசும் வழக்கம் அமெரிக்காவில் 1998இல் சியாட்டில் பொது நூலகத்திலிருந்து பரவியது. நூலகர் நான்சி பேர்ல் முன்னின்று தொடங்கிய அத்திட்டத்திற்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நூல் ரசல் பேங்க்ஸ் எழுதிய ‘தி ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்’. பள்ளிப் பேருந்து விபத்தில் குழந்தைகளை இழந்த ஒரு சிற்றூர், அவ்விபத்துக்குப் பொறுப்பாளி யார் எனத் தேடுவதே அதன் கதை. 2001இல் சிகாகோ நகரம் ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலைத் தேர்ந்தது. அதிலும் ஒரு சிற்றூர், ஒரு குற்றச்சாட்டு, ஒரு நீதிமன்றம். 2006இல் அமெரிக்க அரசின் கலைகளுக்கான தேசிய நிதியமைப்பு ‘பெரும் வாசிப்பு’ என்னும் பொருள்படும் பெயரில் இம்முறையைப் பல ஊர்களில் முயன்று பார்த்தது.

கூட்டு வாசிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொடக்க நூல்களில் குற்றமும் விசாரணையும் இவ்வாறு முன்னிற்பதைத் தற்செயல் என்று கடந்துவிட இயலவில்லை. குற்றம் நிகழ்ந்த சிற்றூர் அளவில் சிறியது. ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள் வாழ்வது. அங்கே ஒருவன் குற்றவாளியானால் அது அனைவரையும் தொடும். கூடிப் பேச வந்த வாசகர்களுக்கு அவ்வூர் தம் கூட்டத்தின் உருவகமாகவே தோன்றுகிறது. அன்றியும், குற்ற நாவல் வாசகர் கையில் ஒரு வினாவைக் கொடுத்துவிடுகிறது. யார் செய்தார், ஏன் செய்தார் என்னும் வினாவோடு வந்தவர்களைப் பேசத் தூண்ட வேறு முயற்சி தேவைப்படுவதில்லை. இவ்வெளிமையே இவ்வகை உரையாடலின் வலிமை. அதன் குறையும் இதுவே என்பதைக் காட்ட முயல்கிறேன்.

இத்திட்டங்கள் எதிர்ப்பின்றி வளரவில்லை. நகரம் முழுவதும் ஒரே நூலைப் படிப்பதைத் திறனாய்வாளர் ஹரால்ட் புளூம் ஏற்கவில்லை. 2002இல் நியூயார்க்கில் எந்த நூலைத் தேர்வது என்பதிலேயே கருத்து வேறுபட்டு, சாங்-ரே லீயின் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ ஒரு பக்கமும் ஜேம்ஸ் மெக்பிரைடின் ‘தி கலர் ஆஃப் வாட்டர்’ மற்றொரு பக்கமுமாக முயற்சி பிரிந்துபோனது. நூலைத் தேர்ந்தெடுப்பதிலேயே ‘நாம்’ யார் என்னும் பூசல் எழுந்துவிட்டது. அப்பூசல் எழாமல் தேர்ந்தெடுக்கத்தக்கது போலத் தோன்றும் நூல் கட்டர்சனுடையது. அது பரிசு பெற்றது, பரவலாக விற்றது, மர்மக் கதையின் இழுவிசை கொண்டது, வரலாற்று அநீதி ஒன்றைக் கண்டிப்பது. அதனாலேயே அதனை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியுள்ளது.

நாவலும் அது நிகழும் தீவும்

கதை நிகழ்வது வாஷிங்டன் மாநிலக் கடற்பகுதியில் உள்ளதாகக் கற்பனை செய்யப்பட்ட சான் பியெட்ரோ என்னும் தீவில். காலம் 1954 டிசம்பர். கார்ல் ஹைன் என்னும் மீனவர் தம் வலையிலேயே சிக்கி இறந்து கிடக்கிறார். தலையில் காயம் உள்ளது. அவரைக் கொன்றதாகக் கபுவோ மியாமோட்டோ என்னும் மற்றொரு மீனவர் மீது வழக்கு. கபுவோ அமெரிக்காவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். ஜப்பானியப் பெற்றோரின் மகன். வெளியே பனிப்புயல் வீசி மின்சாரம் அற்றுப்போக, மூன்று நாள் விசாரணை நடக்கிறது. தீவின் சிறு செய்தித்தாளை நடத்தும் இஷ்மாயேல் சேம்பர்ஸ் அதனைப் பதிவு செய்கிறார். போரில் ஒரு கையை இழந்த அவர், குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவி ஹட்சுவேயை இளமையில் காதலித்தவர்.

வழக்கின் வேர் நிலத்தில் உள்ளது. கபுவோவின் தந்தை ஏழு ஏக்கர் ஸ்ட்ராபெர்ரி நிலத்தைத் தவணை முறையில் வாங்க, கார்லின் தந்தையோடு வாய்மொழியாக உடன்பட்டிருந்தார். குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என வகைப்படுத்தப்பட்ட ஆசிய அயலார் நிலம் உரிமைகொள்வதை வாஷிங்டன் மாநிலம் 1921இல் இயற்றிய சட்டம் தடுத்தது. ஆகவே அந்த உடன்பாடு சட்டத்தின் கண்ணுக்குப் படாமல் செய்யப்பட்டது. தவணைகள் முடியும் தறுவாயில், 1942இல் குடும்பம் முழுவதும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படுகிறது. கடைசித் தவணைகள் நின்றுபோகின்றன. கார்லின் தாய் எட்டா, கணவர் இறந்தபின், அந்நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிடுகிறார். எட்டா செய்ததில் சட்டப்பிழை எதுவும் இல்லை. நாவலில் மிகக் குளிர்ந்த பகுதி பனிப்பொழிவை வருணிக்கும் பக்கங்களன்று. எட்டா கணக்குப் பார்க்கும் பக்கங்களே.

கட்டர்சன் பெயின்பிரிட்ஜ் தீவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர். அத்தீவின் வரலாறே நாவலுக்குப் பின்புலம். 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் ஆணையின் கீழ், ஜப்பானிய வழித்தோன்றல்களை வெளியேற்றும் முதலாவது உத்தரவு அத்தீவுக்கே வந்தது. அளிக்கப்பட்ட அவகாசம் ஆறு நாள். மார்ச் 30 அன்று 227 பேர் ஈகிள்டேல் படகுத்துறையிலிருந்து படகேற்றப்பட்டு, பின்னர் கலிபோர்னியாவின் மான்சனார் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். மேற்குக் கடற்கரைப் பகுதி முழுவதிலும் இவ்வாறு அகற்றப்பட்டோர் ஏறத்தாழ 1,20,000 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் அமெரிக்கக் குடிமக்கள்.

அம்பலும் அலரும்

சிற்றூர்க் கொலைமர்மத்தின் உந்துவிசையைப் புரிந்துகொள்ள நம் அகப்பொருள் மரபின் இரு சொற்கள் துணைசெய்கின்றன. வாய்விட்டுச் சொல்லப்படாமல் முகக்குறிப்பிலும் முணுமுணுப்பிலும் நிற்பது அம்பல். இன்னார் இன்னாரோடு என்று விளங்கப் பலரறியப் பேசப்படுவது அலர். களவு வெளிப்படுவதற்கு இவ்விரண்டையும் காரணமாகத் தொல்காப்பியம் வைக்கிறது. இந்நாவலைக் களவொழுக்கத்தின் அயல்நாட்டுச் சான்றாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஊர் என்பது தன் ஐயத்தைச் செய்தியாக மாற்றிக்கொள்ளும் ஒரு பொறி என்பதை இச்சொற்கள் நுட்பமாகப் பிடித்துவைத்துள்ளன. அதனாலேயே அவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

சான் பியெட்ரோவில் அம்பல் போர்க்காலத்திலிருந்தே உள்ளது. அது அலராக மாறும் கணத்தை நாவல் துல்லியமாகக் காட்டுகிறது. பிணத்தை ஆராயும் ஹொரேஸ் வேலி, தலைக்காயம் போர்க்களத்தில் தாம் கண்ட ஒருவகைக் காயத்தை ஒத்திருப்பதாக நினைக்கிறார். ஜப்பானியப் படையினர் கெண்டோ பயிற்சியின் பழக்கத்தில் துப்பாக்கிக் கட்டையால் தாக்கியதால் ஏற்பட்டது அது. ஷெரீஃப் ஆர்ட் மோரனிடம் அவர் அதனைப் பாதி கேலியாகச் சொல்கிறார்; ஷெர்லாக் ஹோம்ஸ் வேலை பார்ப்பதானால் இரத்தம் தோய்ந்த துப்பாக்கிக் கட்டையோடு ஒரு ஜப்பானியனைத் தேடு என்னும் பொருள்பட. அந்தக் கணத்துக்குமுன் குற்றம் என்று எதுவும் நிறுவப்படவில்லை. அதற்குப்பின் கிடைக்கும் ஒவ்வொரு பொருளும், கொக்கித்தடியில் உள்ள இரத்தமும் படகில் உள்ள கயிறும் மின்கலமும், அச்சொல்லை நோக்கியே நகர்கின்றன.

வேலியின் கேலியில் துப்பறியும் இலக்கியத்தின் தலைமை நாயகன் பெயர் வருவதை வாசகர்கள் பெரும்பாலும் சிரித்துக் கடந்துவிடுவர். ஆனால் அது இந்நாவல் தன் இனத்தைப் பற்றியே சொல்லிக்கொள்ளும் கூர்மையான குறிப்பு. துப்பறிதல் என்பது தடயத்திலிருந்து மனிதனுக்குச் செல்வது என நாம் நம்புகிறோம். இங்கே மனிதன் முதலில் வந்துவிடுகிறான், தடயங்கள் பின்னால் வருகின்றன. சந்தேகிக்கப்படுபவரின் உடல், நிமிர்ந்த முதுகு, அசையாத முகம் ஆகியவையும் தடயங்களாகிவிடுகின்றன. நாவல் தொடங்குவதே கபுவோ நீதிமன்றத்தில் அமர்ந்திருக்கும் நிலையைப் பார்வையாளர்கள் செருக்கு எனப் படிப்பதில்தான். முகத்தைப் பிரதியாகப் படிக்கும் அந்தக் கூட்டமும் ஒருவகை வாசகர் கூட்டமே.

இன்னொன்றையும் காண வேண்டும். இஷ்மாயேலும் ஹட்சுவேயும் சீடார் மரத்தின் பொந்தில் மறைந்து சந்தித்த காதல் நாவலில் உண்மையாகவே நிகழ்ந்தது. அது ஊரலராகவே இல்லை. முகாமில் ஒரு கடிதம் ஹட்சுவேயின் தாய் கைக்குச் செல்வதோடு அது குடும்பத்துக்குள் முடிந்துபோகிறது. நிகழாத கொலையோ தீவு முழுவதும் அலராகிறது. அக மரபில் அலர் பெரும்பாலும் உள்ளதன் மீது எழும். ஊர் மிகைப்படுத்தலாம், முற்றிலும் பொய் சொல்வதில்லை. இத்தீவின் அலருக்கோ நிகழ்ச்சி தேவைப்படவில்லை. முகம் போதுமாக இருந்தது.

பதினொருவர்

இந்தியக் குற்றவியல் நடைமுறையிலிருந்து ஜூரி முறை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோடு முற்றாக நீங்கிவிட்டதால், அதன் உள்ளியக்கம் நமக்குப் பழக்கமற்றது. சட்டப்பயிற்சி இல்லாத பன்னிரண்டு குடிமக்கள் சான்றுகளைக் கேட்டு, தனியறையில் கூடிப் பேசி, ஒருமித்த முடிவுக்கு வரவேண்டும். ஒருவர் உடன்படாவிட்டாலும் தீர்ப்பு இல்லை. இந்நாவலின் ஜூரி அறையில் பதினொருவர் கபுவோ குற்றவாளி என்கின்றனர். அலெக்ஸ் வான் நெஸ் என்னும் படகு கட்டுபவர் மட்டும் தமக்கு ஐயம் உள்ளது என்று விடாமல் சொல்கிறார். அன்றிரவு முடிவெட்டாமல் கலைகிறார்கள்.

கூட்டு வாசிப்புக்கு வருவோர் இந்த அறையைத் தம் அறையாகக் காண்பது இயல்பு. அவர்களும் ஒரே கதையைக் கேட்டவர்கள். அவர்களும் வட்டமாக அமர்ந்து பேசுகிறார்கள். அவர்களுள் எவரும் தம்மைப் பதினொருவரில் ஒருவராக எண்ணிக்கொள்வதில்லை. முதல் வாசிப்பில் இக்கட்டுரையாளரும் வான் நெஸ்ஸின் பக்கத்து நாற்காலியில்தான் அமர்ந்திருந்தேன். அதற்குக் காரணம் நம் நேர்மையன்று. நாவலின் கதைசொல்லும் முறை. கபுவோவின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் செல்கிறார் கட்டர்சன். போரில் தாம் கொன்றவர்களின் நினைவு அவரை வாட்டுவதையும், அக்கொலைகளுக்கான தண்டனையாகவே இவ்வழக்கை அவர் ஏற்க முற்படுவதையும் நாம் அறிவோம். ஜூரிக்கு அந்த அறிவு இல்லை. அவர்களுக்குத் தெரிந்தது அசையாத முகமும், தொடக்கத்தில் ஷெரீஃபிடம் அவர் உண்மையை மறைத்தார் என்னும் செய்தியும். நமக்கு அளிக்கப்பட்ட அறிவை நம் அறம் என்று மயங்குவதே இந்நாவலைப் படிக்கும் கூட்டத்துக்கு நேரும் முதல் பிழை.

இரண்டாவது பிழைக்கு வழிசெய்வது கதையின் முடிவு. இஷ்மாயேல் கலங்கரை விளக்கத்தின் பழைய பதிவுகளிடையே ஒரு குறிப்பைக் காண்கிறார். மூடுபனி நிறைந்த அவ்விரவில் 1.42 மணிக்குச் சரக்குக் கப்பல் ஒன்று அவ்வழியே சென்றது. கார்லின் கைக்கடிகாரம் நின்றது 1.47 மணிக்கு. படகின் கம்பத்தில் கட்டிய விளக்கை அறுத்தெடுக்க ஏறியிருந்த கார்ல், கப்பல் எழுப்பிய பேரலையில் விழுந்து, தலை மோதி, கடலில் மூழ்கினார். கபுவோ அவருக்கு மின்கலம் கொடுத்து உதவிவிட்டுச் சென்றவர். அந்த ஏழு ஏக்கரைத் திருப்பித் தரக் கார்ல் அன்றிரவுதான் இசைந்திருந்தார். இந்தக் குறிப்பை ஓரிரவு தம் பையிலேயே வைத்திருந்து, பின் இஷ்மாயேல் ஹட்சுவேயிடம் கொண்டுசெல்கிறார். வழக்கு கைவிடப்படுகிறது.

ஆக, இது கொலை இல்லாத கொலைமர்ம நாவல். இதனை ஆசிரியரின் திறமை எனப் பாராட்டியோர் உண்டு, பாராட்டு தகும். ஆயினும் இந்த முடிவால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் விடை கசப்பானது. கபுவோவுக்கு உயிர் கிடைத்தது. ஊருக்குக் கிடைத்தது அதைவிடப் பெரிது: தீர்ப்புச் சொல்லும் தேவையே இல்லாமல் போயிற்று. பதினொருவர் தம் மனத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வான் நெஸ்ஸின் ஐயத்தை அவர்கள் ஏற்கவும் இல்லை, மறுத்து வெல்லவும் இல்லை. ஒரு கப்பலின் நேரக்குறிப்பு வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மறுநாள் காலை அவர்கள் கபுவோவைத் தெருவில் எப்படி எதிர்கொண்டிருப்பர் என்பதற்கு நாவலில் ஒரு பக்கமும் இல்லை. மர்மம் அவிழ்ந்ததும் நாவல் நின்றுவிடுகிறது. மர்ம நாவலின் இலக்கணம் அப்படி. அந்த இலக்கணம் இங்கே ஊருக்கு ஓர் அடைக்கலமாகிறது.

சியாட்டில் முதலில் படித்த பேங்க்ஸின் நாவலோடு இதனை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அங்கே வழக்கறிஞர் ஒருவர் வந்து ஊரின் துயரத்தை வழக்காக மாற்றுகிறார். விபத்தில் உயிர்பிழைத்து நடக்கும் ஆற்றலை இழந்த நிக்கோல் என்னும் சிறுமி, பேருந்தோட்டியான டோலரஸ் மிகுவேகமாக ஓட்டினார் என்று வேண்டுமென்றே பொய் சொல்லி வழக்கை முறிக்கிறாள். ஊர் மீள்கிறது; ஒருத்தி அந்தப் பொய்யைச் சுமக்கிறாள். அதாவது, ஊரின் ஒற்றுமைக்கு ஒரு விலை உண்டு என்பதும், அதனை யார் கொடுத்தார் என்பதும் அந்நாவலில் பெயரோடு பதிவாகின்றன. கட்டர்சனின் தீவு தன் ஒற்றுமையை விலையின்றிப் பெறுகிறது. உண்மை அதனை மீட்டுவிடுகிறது. வாசகர் கூட்டத்தில் இவ்விரு நாவல்களில் எது எளிதில் மனநிறைவைத் தரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எது நீண்ட பேச்சைத் தரும் என்பதே என் அக்கறை.

உண்மையான குற்றம் எது என்று கேட்டால் நாவலே விடை தருகிறது: நிலம். ஏறத்தாழ எட்டாண்டுத் தவணை கட்டிய குடும்பம், அரசு தன்னைச் சிறைப்படுத்தியதால் இறுதித் தவணைகளைத் தவறவிட்டது. அதன் பலனைப் பக்கத்து வீட்டார் பெற்றார். இதற்கு ஜூரி இல்லை, ஷெரீஃப் இல்லை, கலங்கரை விளக்கப் பதிவேடும் இல்லை. குற்றவியல் வழக்கு என்னும் வடிவம் இவ்வகை அநீதியைக் காணும் கண்ணற்றது. மர்ம நாவலும் அவ்வடிவத்தையே பின்பற்றுவதால், எட்டாவின் விற்பனை கொலைக்கான ‘நோக்கத்தை’ விளக்கும் சான்றாகச் சுருங்குகிறது. அநீதிக்கு ஆளானவரின் இழப்பே அவர் மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமாகும் இந்த முரணை நாவல் அறிந்தே காட்டுகிறது. காட்டிய பின் கப்பலின் நேரக்கணக்கில் அதைக் கரைத்துவிடுகிறது.

பின் வரிசை

நீதிமன்றத்தில் ஜப்பானிய வழித்தோன்றல்கள் பின் வரிசைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவ்வாறு அமரச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை என்பதையும், சட்டம் என்று பெயரிடாமலே தீவு அதனை அவர்களிடம் வேண்டிற்று என்பதையும் கட்டர்சன் ஒரே இடத்தில் சொல்லிச் செல்கிறார். நாவலின் மிகச் சிறந்த பகுதி எது என்று கேட்டால் நான் காட்டுவது இந்த இடத்தையே. ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் கறுப்பின மக்கள் நீதிமன்ற மாடத்தில் அமர்வது இதற்கு இணை. ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியும் பிரிவினை இருக்கிறது. இங்கே அனைவரும் ஒரே தளத்தில், ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள்.

அப்பின் வரிசை நாவலின் கட்டமைப்பிலும் உள்ளது என்பதே என் வருத்தம். கபுவோவின் உள்ளம் காட்டப்படுகிறது எனினும், அது பெரிதும் வீரமரபு, குற்றவுணர்வு, மௌனம் ஆகிய மூன்றுக்குள் அடங்குகிறது. ஹட்சுவே காதலனின் பார்வை வழியாகவே மிகுதியும் வரையப்படுகிறார். அவருடைய அமைதியும் அழகும் மீண்டும் மீண்டும் வருணிக்கப்படும் அளவுக்கு அவருடைய சினம் எழுதப்படவில்லை. முடிவில் உண்மையைக் கண்டெடுப்பவரும், அதனை வெளியிடலாமா என்று தயங்குபவரும், வெளியிட்டு உயர்பவரும் இஷ்மாயேலே. கபுவோவின் உயிர் இஷ்மாயேலின் ஆன்ம வளர்ச்சிக்கு ஒரு படியாகிறது. பள்ளிப் பட்டியல்களிலிருந்து நீக்குமாறு இந்நாவல் மீது எழுந்த எதிர்ப்புகளால், அமெரிக்க நூலகச் சங்கம் தொகுத்த 2000–2009 காலத்துக்குரிய அதிகம் எதிர்க்கப்பட்ட நூல்களின் பட்டியலில் இது இடம்பெற்றது. பாலியல் காட்சிகளும் வசைச்சொற்களுமே பெரும்பாலும் காரணங்களாயின. எதிர்த்தவர்களும் நூலின் உண்மையான சிக்கலைத் தொடவில்லை.

பெயின்பிரிட்ஜ் தீவின் வரலாறு இவ்விடத்தில் நாவலைவிடத் துணிவுடையதாக உள்ளது. இஷ்மாயேலின் தந்தை ஆர்தர் சேம்பர்ஸுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுபவர், ‘பெயின்பிரிட்ஜ் ரிவ்யூ’ இதழை மனைவி மில்லியோடு நடத்திய வால்ட் உட்வர்ட். வெளியேற்றத்தை எதிர்த்துத் தலையங்கம் எழுதியவர் என்பது பரவலாக அறியப்பட்டது. அதனினும் முதன்மையானது அவர் செய்த இன்னொரு செயல். முகாமுக்குச் சென்ற இளைஞர்களையே இதழின் செய்தியாளர்களாக அமர்த்தினார். முகாமில் யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் இறந்தார், யார் மணந்தார், ஆட்டத்தில் யார் வென்றார் என்னும் செய்திகளை அவர்கள் எழுத, தீவின் செய்தித்தாள் அவற்றை வெளியிட்டுவந்தது. தலையங்கம் இதழாசிரியரின் மனச்சான்றைக் காட்டுகிறது. முகாம் செய்திகளோ, அகற்றப்பட்டவர்கள் இன்னும் இவ்வூரார்தாம் என்பதை வாரந்தோறும் ஊருக்கு உணர்த்தின. அவற்றை எழுதியவர்களும் அவர்களே. நல்ல மனிதர் ஒருவரின் துணிவை நாவல் எடுத்துக்கொண்டது. அவர் பிறர் கையில் கொடுத்த எழுதுகோலை எடுத்துக்கொள்ளவில்லை.

கூடிப் படிப்போர் முன் உள்ளவை

கூட்டு வாசிப்புக்கென ஆயத்தம் செய்யப்படும் வினாத்தாள்கள் பொதுவாக, ‘இஷ்மாயேல் ஏன் தயங்கினார்?’, ‘பனி எதன் குறியீடு?’ போன்றவற்றை முன்வைக்கின்றன. அவை தவறான வினாக்கள் அல்ல. வகுப்பறையிலும் நாம் அவற்றைத்தான் கேட்கிறோம். ஆனால் அவற்றுக்கு விடைகூறுவோர் ஒருவரும் தம் நாற்காலியை விட்டு அசைய வேண்டியதில்லை. பதினொருவரின் வாதத்தை முழு வலிமையோடு எடுத்துரைக்கும் பொறுப்பைக் கூட்டத்தில் சிலரிடம் ஒப்படைத்துப் பார்க்கலாம். கபுவோ முதலில் உண்மையை மறைத்தார். கொக்கித்தடியில் இருந்த இரத்தம் கார்லின் இரத்த வகையோடு ஒத்தது. நிலத்தைப் பற்றிய மனக்குறை உண்டு. கலங்கரை விளக்கப் பதிவு இல்லையெனில் இவை போதுமான சான்றுகள் என்று நேர்மையான ஒருவர் எண்ண முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். அதனை ஒப்புக்கொள்ளும்போதுதான் முன்முடிவு என்பது தீயோரின் குணம் என்னும் வசதியான எண்ணம் தளரும். நாவலில் வெளிப்படையாக இனவெறுப்புப் பேசுவோர் சிலரே. ஜூரி அறையில் இருந்தவர்கள் சாதாரணர்கள்.

அதேபோல, எட்டா ஹைனின் விற்பனையை வழக்காக எடுத்துக்கொண்டு பேசலாம். நாவல் நடத்தாத விசாரணை அது. 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய குடியுரிமைகள் சட்டத்தின்படி, உயிரோடிருந்த முன்னாள் தடுப்புக்காவலர் ஒவ்வொருவருக்கும் 20,000 டாலரும் அரசின் மன்னிப்பும் அளிக்கப்பட்டன. இழந்த நிலங்களை அது திருப்பித் தரவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டபின் அண்டைவீட்டாரின் கணக்கு என்னாகிறது என்பது சட்டத்தாலும் நாவலாலும் முடிக்கப்படாத வினா. அதனைப் பேச ஓர் ஊர் நூலகத்தின் கூடம் பொருத்தமான இடம். அங்கே வருவோர் அரசு அல்லர், அண்டைவீட்டாரே.

இங்கே ஓர் எதிர்வாதம் எழக்கூடும். நாவல் ஒரு கலைப்படைப்பு. அதனிடம் சமூக நீதிக்கான விசாரணையை எதிர்பார்ப்பது அதன்மீது சுமத்தும் சுமை. கூட்டமாகப் படிப்போர் இன்புற்றுப் பிரிந்தால் போதாதா? புளூம் போன்றோரின் மறுப்பிலும் இதன் சாயல் உண்டு. போதும், நாவல் வேறொன்றாக இருந்திருந்தால். தன் மையத்தில் கூடிப்பேசும் பன்னிருவரை வைத்து, அவர்களின் பேச்சுக்கு ஓர் உயிரைப் பணயமாக்கிய நாவல் இது. அதனைப் பேசும் கூட்டம் அப்பன்னிருவரோடு தன்னை ஒப்பிடாமல் படிப்பதே கலைப்படைப்பைக் குறைத்துப் படிப்பதாகும்.

அடுத்ததாக, அறையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது. நாவல் பேசும் அநீதிக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்தவர் ஓரிருவர் மட்டும் வந்திருக்கும் கூட்டத்தில், அனைவரும் அவர்களை நோக்கித் திரும்பி, ‘உங்கள் குடும்பத்தில் எப்படி?’ என்று கேட்பது பரிவு போலத் தோன்றும். அது அவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும் செயலும் ஆகிவிடும். கபுவோவின் முகம் படிக்கப்பட்டது போல அவர்களின் முகமும் படிக்கப்படும். இதற்கு நூலின் தேர்விலேயே ஒரு மாற்று உண்டு. கட்டர்சனின் நாவலைத் தனியே படிக்காமல், அகற்றப்பட்டோரின் வழித்தோன்றலான ஜூலி ஒட்சுகா 2002இல் வெளியிட்ட ‘வென் தி எம்பரர் வாஸ் டிவைன்’ என்னும் சிறிய நாவலோடு சேர்த்துப் படிக்கலாம். அதில் கொலை இல்லை, மர்மமும் இல்லை. வெளியேற்ற அறிவிப்பைப் படித்துவிட்டு வீட்டைப் பூட்டத் தொடங்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கும் அவள் குடும்பத்தாருக்கும் ஆசிரியர் பெயரே இடவில்லை. அந்த இரு நூல்களுக்கிடையே ‘பெயின்பிரிட்ஜ் ரிவ்யூ’ வெளியிட்ட முகாம் செய்திகளில் சிலவற்றையும் வாசிக்கலாம். ஈகிள்டேல் படகுத்துறை இருந்த இடத்தில் இன்று 276 அடி நீளச் சீடார் மரச் சுவர் ஒன்று நினைவுச்சின்னமாக நிற்கிறது. அதில் அத்தீவின் ஜப்பானிய வழித்தோன்றல்கள் 276 பேரின் பெயர்கள் உள்ளன. இஷ்மாயேலும் ஹட்சுவேயும் ஒளிந்த மரமும் சீடாரே.